ஒரு விரல் நுழையாத வாய்

வாய்ப்புற்று பற்றி ஆராய வந்த டாக்டருக்கு மொழிபெயர்க்க, ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸரான நானும் காஜா பெராங் கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே வெற்றிலை விற்ற அம்மாவின் வாய்க்குள் டாக்டரின் ஒரு விரல்கூட நுழையவில்லை. நல்ல பருத்த உடம்பு. சிரித்தால் தோள் குலுங்கும், உதடு விரியாது. வெற்றிலையைப் பென்சில் கனத்துக்குச் சுருட்டிப் பல்லிடுக்கில் செருகிக்கொள்வார்.

“கன்னம் உள்ளே நாராக இறுகிவிட்டது. பாக்கை விடாவிட்டால் புற்றாகலாம்” என்றார் டாக்டர். தமிழில் சொன்னேன்.

அந்த அம்மா பல்லைத் திறக்காமலே பேசினார். “விடுறது சூசா தம்பி, ரொம்பக் கஷ்டம். நான் மெல்லாம உக்காந்திருந்தா, இவளே திங்காத வெத்தலய நாம எதுக்கு வாங்கணும்னு போயிடுவாங்க. அப்புறம் வீட்டுல ஒல எப்படிக் கொதிக்கும்?”

இதை எப்படி மொழிபெயர்ப்பது? “முயற்சி செய்கிறாராம்” என்று டாக்டரிடம் சொல்லிவைத்தேன்.

சுதந்திரம் வந்த அன்று அந்தக் கடைப்பக்கம் போனேன். லாரி நிறைய ஆட்கள் “மெர்டேக்கா!” என்று மலாயில் விடுதலை முழக்கமிட்டுக்கொண்டு போனார்கள். அந்த அம்மாவும் எழுந்து கையை உயர்த்தினார். முழக்கம் பல்லைத் தாண்டவில்லை. என்னைப் பார்த்ததும் அவர் தோள் குலுங்கியது.

அது சிரிப்புதானா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.