இரண்டாம் நம்பர் பட்டன்

எங்கள் காரின் ஓட்டுநர் பக்கக் கதவில் இரண்டு பட்டன்கள் உண்டு. ஒன்றை அமுக்கினால் சீட் என் கணவரின் வயிற்றுக்கு இடம் விட்டுப் பின்னால் போகும். இரண்டை அமுக்கினால் என் கால் பிரேக்கை எட்டும் அளவுக்கு முன்னால் வரும். ஆளுக்கொரு இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்வதால் அதற்கு மெமரி சீட் என்று பெயர்.

வாரம் ஒருமுறை மகளைச் செங்கல்பட்டுக்குப் பேச்சுப் பயிற்சிக்கு நான்தான் அழைத்துப் போவேன். அவளுக்குக் காது சரியாகக் கேட்காது. மெஷின் மாட்டியிருக்கிறோம். நான்கு வயது முடிந்தும் 'மா' மட்டும்தான் வரும். பயிற்சி நின்றால் அந்த 'மா'வும் போய்விடும் என்று எனக்குப் பயம். "தானா பேசும். இவ ஊர் சுத்தறதுக்கு அது ஒரு சாக்கு" என்பார் மாமியார், என் காதுபடவே.

பொங்கல் முடிந்த வாரம், வாலாஜாபாத் தாண்டி ஒரு வேகத்தடையில் சீட் தானாகப் பின்னால் நகர்ந்தது. முன்னால் நெல் மூட்டை லாரி. பிரேக் என் காலை விட்டு விலகிக்கொண்டே போனது. ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கி, நுனிவிரலால் மிதித்து நிறுத்தினேன். பின்சீட்டில் மகளின் முழங்கால்கள் என் முதுகுக்குப் பின்னால் நசுங்கின. அழுதாள்.

வீட்டில் சொன்னேன்.

"நீதான் எதையாவது அமுக்கியிருப்ப" என்றார் கணவர்.

"நான் எதையும் தொடலீங்க."

"அப்ப சீட்டுக்கு உன்ன புடிக்கல."

மாமியார் சிரித்தார். "பொண்ணுக்கு வாய் வரல, அம்மாவுக்குக் கை நிக்கல. இதுல எம்.எஸ்சி. வேற!"

அடுத்த வாரமும் நகர்ந்தது. நான் என்னையே சந்தேகப்பட்டேன். வளையல் படுகிறதோ என்று கழற்றினேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். தூக்கக் கலக்கத்தில் நானே அமுக்கிவிட்டு மறந்துவிடுகிறேனா என்றுகூட நினைத்தேன். கடைசியில் ஒருநாள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓட, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து உடம்பை மட்டும் குலுக்கினேன். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். சீட் பின்னால் போனது. என் கைகள் என் அடியிலேயே இருந்தன.

பெரிய காஞ்சிபுரத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் கார் எலக்ட்ரீஷியன் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். வயர்கள் சேரும் ப்ளக்குக்குள்ளிருந்து இடுக்கியால் எதையோ இழுத்தார். ஜரிகை இழை. கணவர் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்களுக்குக் கொடுக்கும் ஜரிகைக் கட்டுகளை அந்த சீட்டுக்கு அடியில்தான் போட்டு எடுத்துப் போவார்.

"வெள்ளி ஜரிகைம்மா, கரண்ட் பாயும். குலுங்கனா ஒட்டிக்குது, சீட்டு நகருது" என்றவர், "சாருகிட்ட அப்பவே சொன்னனே" என்றார்.

"எப்போ?"

"பொங்கலுக்கு முன்ன. அவருக்கும் ஒரு தபா பின்னால போய்ச்சின்னு கொண்டாந்தாரு. ஒரு நாள் வண்டிய வுடுங்க, ப்ளக்கு மாத்தணும்னேன். அப்புறம் பாக்கலாம்னு போய்ட்டாரு."

அன்றே மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சீட் கெட்டுப்போனது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். அதுக்கு இன்னா இப்ப?"

"பாப்பா பின்னாடி உக்காந்திருந்தா."

"பயந்துக்கினு நீயே போறத நிறுத்திடுவேன்னு பாத்தேன்" என்றார், சோற்றைப் பிசைந்தபடி.

மாமியார் அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். "அதான் சரியாய்ச்சே. மூஞ்சிய தூக்கி வச்சிக்காத, அவன் சாப்பிடட்டும்."

நான் வாசலுக்குப் போய்க் காரில் ஏறினேன். சீட்டை எனக்கு வேண்டிய அளவில் வைத்து, ஒன்றாம் நம்பரிலும் அதையே பதிய வைத்தேன். பிறகு சீட்டின் பக்கவாட்டில் உள்ள விசையால் அதைப் பழையபடி பின்னால் தள்ளிவிட்டு இறங்கினேன்.

மறுநாள் காலை அவர் ஏறியதும் வழக்கம்போல் ஒன்றை அமுக்கினார். சீட் அவரை முன்னால் தள்ளிக்கொண்டு போய் ஸ்டியரிங்கில் வைத்து அழுத்தியது. சீட்டின் பக்கவாட்டில் இருந்த அந்த விசைக்குக் கையைக் கொண்டுபோக அவரால் முடியவில்லை. மறுபடி ஒன்றையே அமுக்கினார்.

"ஏய்! இது இன்னும் சரியாவலடி!"

"நீங்கதான் எதையாவது அமுக்கியிருப்பீங்க."

வெளியே என் பக்கத்தில் நின்ற மகள் கார்க் கண்ணாடியைத் தட்டிச் சிரித்தாள். அவர் முகம் சிவந்தது. எந்த விசை சீட்டைப் பின்னால் தள்ளும் என்று எனக்குத் தெரியும். நான் கையை மட்டும் நீட்டினேன்.

"முதல்ல சாவியக் குடுங்க. இன்னிக்குச் செங்கல்பட்டு போற நாள்."