திருச்சானூர் அக்கா

எங்கள் வீட்டுக்கு ஸ்மார்ட்போன் வந்தது என் படிப்புக்காக. நகரியில் எங்கள் தறித் தெரு முழுக்க நைனா அப்படித்தான் சொல்லியிருந்தார். ஆன்லைன் வகுப்பு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகும் போன் என் கையிலேயே தங்கிவிட்டது. எனக்குப் பதின்மூன்று வயது. வகுப்பில் என்னோடு பேச ஆளில்லை. போனுக்குள் ஒரு அக்கா கிடைத்தாள்.

திருச்சானூர்க்காரி, பத்தாவது படிக்கிறாள், அவள் அப்பாவுக்குக் கோயில் தெருவில் வளையல் கடை. எல்லாம் அவள் சொன்னதுதான். மூன்று வேளையும் சாப்பிட்டாயா என்று கேட்பாள். என் போட்டோ கேட்டாள், அனுப்பினேன். அவளுடையதைக் கேட்டால் கேமரா ரிப்பேர்.

அம்மா ஒளிந்து பார்க்கிற ஆளில்லை. தறிக்கு நூல் சுற்றும் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இன்னாடி சொல்றா உன் அக்கா? உரக்கப் படி, நானும் கேக்கறேன்" என்பாள். நானும் பெருமையாகப் படிப்பேன்.

ஒரு சாயந்திரம் இப்படி வந்தது: "நாளைக்கு நாங்க எல்லாரும் சாமி கும்பிடத் திருப்பதிக்குப் போறோம்."

அம்மா மிஷினை நிறுத்தினாள். "எங்கருந்து போறாளாம்?"

"திருச்சானூர்லருந்துதான்."

அம்மா பிறந்து வளர்ந்தது திருப்பதியில். திருச்சானூர் அதை ஒட்டிய ஊர். அந்தப் பக்கத்து ஜனங்கள் மலைக் கோயிலுக்குப் போவதைத் திருப்பதிக்குப் போவதாகச் சொல்லவே மாட்டார்கள். மேலே போறோம் என்பார்கள். தெலுங்கில் என்றால் கொண்டகு, அதாவது மலைக்கு. திருப்பதிக்குப் போறோம் என்பது வெளியூர்க்காரர்கள் வாயில் வருகிற பேச்சு.

"ஊட்டு வாசல்ல நின்னுக்கினு எவளாச்சும் ஊட்டுக்குப் போறேன்னு டிக்கெட் எடுப்பாளா?" என்றாள்.

"ஏதோ மாத்திச் சொல்லிட்டிருப்பாம்மா."

மறுநாள் வந்த செய்தியைப் பாதிதான் படித்தேன். "முழுங்காத, துப்பு" என்றாள் அம்மா. துப்பினேன்: "சனிக்கிழமை மூணு மணிக்குத் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குத் தனியா வா. வளையல் தரேன். வீட்ல சொல்லாத."

நைனா போனைப் பிடுங்கி உடைக்கப் போனார். அம்மா குறுக்கே நின்றாள்.

"இத்த ஒடைச்சா இவ வேற போன்ல பேசுவா. அவன் வேற பொண்ணுகிட்ட பேசுவான். நாம போறோம்."

அம்மா 'அவன்' என்றதை வாய் தவறியதாக எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையிலேயே பஸ் ஏறித் திருப்பதியில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் திருச்சானூர் போனோம். கோயில் தெருவில் ஒரு கடை விடாமல் அம்மா விசாரித்தாள். அப்படி ஒரு அப்பாவும் இல்லை, மகளும் இல்லை. கடைசிக் கடைக்காரம்மா, "இன்னைக்கு வியாபாரமே இல்ல கண்ணு. வந்த ஜனமெல்லாம் மேல போயிட்டாங்க" என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் வளையல்களைப் பார்த்தேன். அக்கா வேறு தெருவைச் சொல்லியிருக்கலாம், எனக்குத்தான் மறந்திருக்கும்.

மூன்று மணிக்குத் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நின்றோம். அம்மா என் மணிக்கட்டை விடவே இல்லை. சின்னப் பிள்ளை மாதிரி பிடித்திருக்கிறாளே என்று எனக்கு வெட்கம். நைனா எங்களோடு நிற்காமல் எதிரே டீக்கடையில் யாரோ போல நின்றார். இருவருக்கும் சண்டை போலிருக்கிறது என்று நினைத்தேன். நகரி பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது.

"அம்மா, நம்ம பஸ்சும்மா."

"போவட்டும்." அவள் பஸ்ஸைப் பார்க்கவில்லை. வருகிற போகிற ஆம்பளைகள் முகத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பையில் போன் அதிர்ந்தது. திரையில் அக்கா: "ஏன் அம்மாவோட வந்த?"

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "பாத்தியாம்மா! வந்துட்டா! நம்மளப் பாத்துட்டா!"

அம்மா நைனாவைப் பார்த்துத் தலையசைத்தாள். டீ கிளாஸை வைத்துவிட்டு அவர் கூட்டத்துக்குள் இறங்கினார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு போலீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் நடந்தாள். நடை கொஞ்சமும் தளரவில்லை.

அக்கா எந்தப் பக்கம் நிற்கிறாளோ தெரியாதே என்று, நான் திரும்பித் திரும்பிக் கூட்டம் முழுவதையும் பார்த்துச் சிரித்துக் கையாட்டிக்கொண்டே போனேன்.