தலையணைக்குள் ஏலக்காய்

வண்டன்மேட்டுப் பக்கம் மழை பிடித்துவிட்டால் மேகம் யாரையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் வராது. எங்கள் எஸ்டேட் தொழிலாளர் லயத்துச் சன்னலில் நுழைந்து, அடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி, என் பாய் வரைக்கும் வந்து நிற்கும். அந்த வெள்ளைக்குள் படுத்துக்கொண்டு நான் நம்பர்களைக் கனவு கண்டேன். மாமா எனக்குக் கொடுத்திருந்த உத்தியோகம் அது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எஸ்டேட் ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்துகிற வேலை. காலையில் வேலை முடிந்து வந்ததும் என் பக்கத்தில் குந்திக்கொள்வார்.

"என்னத்தக் கண்ட மருமவளே? கடைசி நாலு நம்பரு சொல்லு தாயி."

சில நாள் ஏழுகளெல்லாம் ஏலச்செடியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒன்றுமே வராத நாளில் பள்ளிக்கூட ஜீப்பின் நம்பரைச் சொல்லிவிடுவேன். நம்பி உட்கார்ந்திருக்கிற மனிதரை வெறுங்கையோடு அனுப்பலாமா? அந்த நம்பரில் லாட்டரி தேடி அவர் சக்குபள்ளம் வரைக்கும் போவார்.

கனவு நன்றாக வரவேண்டும் என்று எனக்கொரு தலையணையும் தைத்துக் கொடுத்திருந்தார். பஞ்சுக்கு நடுவே ஏலக்காய். தலையைத் திருப்பினால் கலகலக்கும். அம்மாவிடம் சொன்னால் கனவு பலிக்காதாம். என் நம்பருக்குப் பரிசு விழாத வாரங்களில் தலையணை பருத்துவிடும். பிறகு திடீரென்று ஒருநாள் ஒட்டிப்போகும். அது பருப்பது, தோற்றுப்போன கனவுக்கு மாமா தருகிற ஆறுதல் பரிசு என்று நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

ஸ்டோரில் காய் குறைகிறது என்று சூப்பர்வைசர் லயத்தைச் சோதனை போட வந்த அன்று எனக்குக் காய்ச்சல். அரிசிப் பானைக்குள்ளும் தகரப்பெட்டிக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தார். வாசனையை வைத்து எங்கள் ஊரில் யாரையும் பிடிக்க முடியாது. எல்லார் மேலும் அதே வாசனைதான்.

"பிள்ளைய எழுப்பு."

அம்மா என் தலைக்கடியில் கை கொடுத்தாள். தலையணை கலகலத்தது. கூரைத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்ததால் சூப்பர்வைசருக்கு அது கேட்கவில்லை. அம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு என்னை மெல்லப் படுக்கவைத்தாள்.

"நெருப்பாக் கொதிக்குது சார். கெடக்கட்டும்."

வாசலில் இறங்கும்போது அவர் சொன்னார், "கள்ளன் ஆருன்னு தெரியுறவரைக்கும் ஸ்டோர் பெருக்குறவளுக்குப் பணியில்ல."

ஸ்டோர் பெருக்குவது பக்கத்து வீட்டு அத்தை. அன்று சாயங்காலம் முழுக்க அவர் அழுதது சுவர் வழியாக எங்களுக்குக் கேட்டது. மாமா ரேடியோவைப் போட்டார். அம்மா அதை நிறுத்தினாள்.

விடிந்ததும் எனக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அம்மா ஒரு கையில் தலையணையும் ஒரு கையில் நானுமாகச் சூப்பர்வைசர் வீட்டுப் பாதையில் ஏறினாள். எதிரே ஒன்றும் தெரியாத மேகம். பின்னால் மாமா ஓடிவரும் சத்தம் மட்டும் கேட்டது.

"எக்கா, என்னையப் போலீஸ்ல புடிச்சுக் குடுக்கப்போறியா?"

"நீயா வந்து சொல்லு. இல்லன்னா நான் சொல்லுவேன்."

"வேல போயிரும்க்கா!"

"அவளுக்குப் போயிருச்சேடா."

மாமா மேகத்துக்குள்ளிருந்து வெளிப்பட்டு, சேற்றில் முழங்கால் போட்டு, அம்மாவின் சேலையைப் பிடித்தார்.

"மூணு மணி வரைக்கும் பொறுக்கா. மூணு மணிக்கு ரிசல்ட்டு. இன்னைக்குக் கண்டிப்பா விழுந்துரும். எல்லாத்தையும் கட்டிர்றேன். மூணு மணி வரைக்கும்!"

அம்மா சேலையை விடுவித்துக்கொண்டு நடந்தாள். மூன்று மணி வரைக்கும்தானே கேட்கிறார், கூடப்பிறந்த தம்பிக்கு அதைக்கூடக் கொடுக்க மாட்டாளா? எனக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் கையை உதறிவிட்டு ஓடிப்போய், மாமாவின் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்து, மூன்று மணி ஆவதற்காகக் காத்திருக்கத் தொடங்கினேன்.