ஏழாம் எண் சீட்டு

காலை பத்து நாற்பதுக்கு, முந்தின நாள் ஒட்டி மூடிய அந்தப் பெட்டியைத் திறந்தேன். கறுப்பு மூடி போட்ட புட்டிகள். பெரியவர்களுக்கான இருமல் மருந்து. ஒட்டியிருந்த லேபிளோ ‘குழந்தைகளுக்கு’. பன்னிரண்டு புட்டியிலும் அதே. வீட்டில் என் நாலு வயது மகள் இரண்டு நாளாக இருமிக்கொண்டிருந்தாள்.

எழுபதுகளில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு மருந்துக் கம்பெனியின் லேபிள் பகுதிக்கு நான் சூப்பர்வைசர். ஒட்டும் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெட்டியை மூடுமுன் தன் எண் சீட்டை உள்ளே போட வேண்டும். அந்தப் பெட்டியில் கிடந்தது ஏழாம் எண். இருந்தவர்களிலேயே சுத்தமான வேலைக்காரி. அன்றுவரை அவள் சீட்டைப் பார்த்தால் புட்டிகளைப் பார்க்காமலே பெட்டியை மூடிவிடுவேன்.

அவள் ஒட்டியதல்ல என்று பார்த்தவுடன் தெரிந்தது. லேபிள்கள் இடப்பக்கம் சரிந்திருந்தன. அப்படி ஒட்டுகிறவள் பன்னிரண்டாம் எண். என் வயதுதான் இருக்கும். ஆறு மாதமாக அவளோடு போராட்டம். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன், திட்டினேன், மூன்று மெமோ கொடுத்தேன். மூன்றிலும் ‘அஜாக்கிரதை’ என்று எழுதினேன். நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். நாலாவது மெமோ என்றால் வேலை போய்விடும். ஆனால் கடைசி இரண்டு மாதமாக அவள் சீட்டு இருந்த பெட்டிகளில் ஒரு தப்பும் இல்லை. என் கண்டிப்பில் திருந்திவிட்டாள் என்று மேனேஜரிடம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

ஏழாம் எண்ணைக் கூப்பிட்டேன். “இது யார் ஒட்டினது?”

“சீட்டு என்னுதுதானேக்கா.”

“சீட்டைக் கேக்கல. யார் கைன்னு கேக்கறேன்.”

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “ஏழும் பன்னெண்டும் ஒரே தெருவுல கீதுங்க. சீட்ட மாத்திப் போட்டுகினு ரொம்ப நாளாவுது. உனக்கு மட்டுந்தான்க்கா தெரியாது” என்றாள். வரிசையே சிரித்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோழிக்கு உதவியாம்! ஒரு பிள்ளையின் வாயில் போயிருந்தால்?

மேனேஜர் செய்தது அதைவிட மோசம். ஏழாம் எண்ணை நீக்கும் உத்தரவை டைப் அடித்து என்முன் வைத்தார். “சீட்டுல ஏழு, ஆளும் ஏழு. அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போடுங்கம்மா.”

“அவ ஒட்டல சார். பெரியவங்களுது, குழந்தைங்களுது, ரெண்டு லேபிளும் ஒரே நீலம். ஒண்ணைச் சிவப்புல அடிங்கன்னு ஒரு வருஷமா கேக்கறேனே?”

“பாத்து ஒட்டறவளுக்கு எந்தக் கலரா இருந்தா என்ன?”

செய்யாத தப்புக்கு ஒருத்தியின் வேலையைப் பறிக்க என் கையெழுத்துத்தான் கிடைத்ததா? பேனாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். ஏழாம் எண் ஒன்றுமே நடக்காதவள் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

நாலரைக்குப் பன்னிரண்டாம் எண் வந்து நின்றாள். அன்று தலைவலி என்று லீவு போட்டவள். சாப்பாட்டு நேரத்தில் யாரோ ஆவடியில் அவள் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். மேனேஜர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“அது என் பொட்டிக்கா. அவள உட்டுடு. கிட்ட வச்சுப் பாத்தா எழுத்தே என் கண்ணுக்குத் தெரில. சொன்னா ஊட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னு பயந்துகினு சொல்லல. ஆறு மாசமா திட்டுனியே, ஒரு நாளாவது ‘இதுல இன்னா எழுதிகீது, படி’ன்னு கேட்டியா?”