பதினொரு காரணங்களும் ஒரு மரண உதவிச் சங்கமும்

புதிய திரை பாவனைக்கு வந்து இரண்டாவது கிழமை. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பரிசோதகரின் கதிரைக்குப் பின்னால் சற்று இடது பக்கமாக என் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். மடியில் கொப்பி. அவர் எந்த இடத்தில் தயங்குகிறார், எதைத் தேடுகிறார், எத்தனை விநாடி எடுக்கிறார் என்று குறிப்பதுதான் என் வேலை. அவருக்கு உதவி செய்யக்கூடாது. வாய் திறக்கக்கூடாது.

கைபேசி வழியாகப் பணம் அனுப்பும் சேவை ஒன்றுக்காக எங்கள் அலுவலகம் மென்பொருள் செய்கிறது. துறைமுகத்தை ஒட்டிய வீதியில் ஒரு மேல்மாடி. களவான பணத்தைப் பல கணக்குகளுக்குள் புகுத்தி நல்ல பணமாக்குகிறவர்களைப் பிடிப்பதற்கென்று சில விதிகள் உண்டு. ஒரு கணக்கில் அந்த விதிகளில் ஒன்று பொருந்தினால் எச்சரிக்கை எழும். பரிசோதகர்கள் அதைத் திறந்து பார்த்து, சந்தேகம் இல்லையென்றால் மூடிவிடுவார்கள், இருந்தால் கொழும்புக்கு அனுப்புவார்கள். அவர்கள் பார்க்கும் திரையைப் புதிதாக வடிவமைத்தது நான்.

பழைய திரை ஒழுங்கில்லாதது. அதன் நடுவில் பெரிய வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. எச்சரிக்கையை மூடும்போது ஏன் மூடினோம் என்று பரிசோதகர்கள் அதற்குள் எழுதுவார்கள். ஒருவர் ஒரு சொல் எழுதுவார், இன்னொருவர் ஒரு பக்கம் எழுதுவார். சிலர் தமிழில், சிலர் ஆங்கில எழுத்தில் தமிழ். அதை வைத்து எதையும் தொகுக்க முடியாது. நான் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டுப் பதினொரு காரணங்கள் கொண்ட ஒரு பட்டியலை வைத்தேன். சம்பளம், வியாபாரம், குடும்ப உதவி, வாடகை என்று போய், பதினோராவதாக ‘மற்றவை’. சோம்பலில் எல்லோரும் ‘மற்றவை’யைத் தெரிவு செய்துவிடுவார்கள் என்று பயந்து அதற்கு ஒரு பூட்டும் போட்டேன். அதைத் தெரிவு செய்தால் எச்சரிக்கை தானாகவே கொழும்புக்குப் போகும். இரண்டு வேலைநாட்களுக்கு அந்தக் கணக்கிலிருந்து பணம் வெளியே போகாது. பழைய குறிப்புகளை ஆவணப் பகுதிக்கு மாற்றினேன். அதைத் திறக்க மேலதிகாரிக்கு மட்டும்தான் அனுமதி.

அந்தப் பெட்டியை எடுக்க வேண்டாமென்று கேட்டவர் இந்தப் பரிசோதகர் மட்டும்தான். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். எண்ண முடியாத ஒன்றைத் திருத்தவும் முடியாது என்று அவருக்குப் பதில் சொன்னேன். அந்த வசனம் அப்போது எனக்குப் பிடித்திருந்தது.

அன்று காலை அவர் திறந்த நான்காவது எச்சரிக்கையில், ஒரு தனியாளின் கணக்குக்கு ஒரே காலையில் எழுபதுக்கு மேற்பட்ட வரவுகள். பார்த்த அளவில் எல்லாம் ஐந்நூறு ரூபாய். மத்தியானத்துக்கு முன் முழுப் பணமும் ஒரேயடியாக எடுக்கப்பட்டிருந்தது. பலரிடமிருந்து சிறு தொகைகளாக வாங்கி ஒரே கையால் எடுப்பது மோசடிக்காரர்களின் வழக்கமான முறை. பார்வையாளராக நான் இருந்ததால் பெயர்கள் எல்லாம் மறைக்கப்பட்டிருந்தன. தொகையும் நேரமும் மட்டும்தான் தெரிந்தன.

அவர் வரிசையை மெதுவாகக் கீழே இறக்கினார். ஐந்நூறு, ஐந்நூறு, ஐந்நூறு. பிறகு ஐந்நூற்று ஐம்பது.

பென்சில் என் கையில் நின்றுவிட்டது. அது என் பணம். எங்கள் ஒழுங்கையில் மரண உதவிச் சங்கம் ஒன்று இருக்கிறது. ஒரு வீட்டில் மரணம் நடந்தால் மற்ற ஒவ்வொரு வீடும் அன்று காலையே ஐந்நூறு ரூபாய் கொடுக்க வேண்டும். சவப்பெட்டி, பந்தல், பறைமேளம், வாகனம் எல்லாம் அந்தப் பணத்தில்தான். பிந்தினால் ஐம்பது ரூபாய் தண்டம். திரையில் இருந்தது போன கிழமை நடந்த மரணத்துக்கான பணம். அதற்கு முந்திய மரணத்தின்போது பயிற்சிக்காகக் கொழும்பில் நின்று பிந்திவிட்டதால், அந்தத் தண்டத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தேன். லிங்கநகரில் எங்கள் ஒழுங்கை முழுவதிலும் அந்த முறை தண்டம் கட்டியது நான் ஒருத்திதான். அது எனக்குப் பெரிய வெட்கம். அதனால் அனுப்பிய நேரம்கூட நினைவில் இருந்தது. திரையிலும் அதே நேரம்.

கணக்கு யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. எங்கள் பொருளாளர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். சங்கத்துக்கென்று தனியாகக் கணக்கு எடுக்க நிறையக் கடிதங்கள் கேட்கிறார்கள் என்று தன் சொந்த இலக்கத்தையே கொடுத்திருந்தார். ஒழுங்கையில் ஒருவரும் அதைப் பிழையாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. இதுதான் என் தொழில் என்றிருந்தும்.

பரிசோதகர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். “இது சாவுச் சங்கக் காசு போல இருக்கு அக்கா. எங்கட ஊர்ப் பள்ளிவாசல்லயும் இப்பிடித்தான் சேர்க்கிறது. போன முறை இதை நான்தான் மூடினேன், விளக்கமா எழுதியும் வச்சேன். அது இப்ப எங்க?”

ஆவணப் பகுதியில் இருந்தது. அவரால் திறக்க முடியாத இடத்தில்.

அவர் பட்டியலைத் திறந்தார். பதினொரு காரணங்களையும் மேலிருந்து கீழே வாசித்தார், பிறகு கீழிருந்து மேலே. என் கொப்பியில் விநாடிகளைக் குறிக்க வேண்டிய இடம் வெறுமையாகவே இருந்தது.

“குடும்ப உதவி எண்டு போட்டா மூடிரலாம்,” என்றார். “ஆனா அது பொய். மற்றவை எண்டு போட்டா உண்மை. ஆனா காசு நிக்கும். எதைப் போடட்டும்?”

அந்த இடத்திலேயே எழும்பி, இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்தவருடையது என்று சொல்லியிருக்க வேண்டும். எங்கள் விதி அதுதான். நான் சொல்லவில்லை. பார்வையாளர் பேசக்கூடாது என்ற என் சொந்த விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். “நான் இல்லாட்டி என்ன செய்வீங்களோ அதைச் செய்யுங்கோ,” என்றேன். அவர் உண்மையைத் தெரிவு செய்தார்.

கணக்கில் அப்போது மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. இரண்டு நாளில் கொழும்பு பார்த்துத் திறந்துவிடும், அதற்குள் யாருக்கும் ஒன்றும் தெரிய வராது என்று என்னைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்று பின்னேரம் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரர் இறந்தார்.

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கே வீடுகள் பணம் அனுப்பத் தொடங்கின. எல்லாவற்றையும் கணக்கு வாங்கிக்கொண்டது. ஏழே முக்காலுக்குப் பொருளாளர் என் வீட்டுப் படலையடியில் நின்றார். சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, கைபேசியைக் கையில் நேராகப் பிடித்தபடி.

“பிள்ளை, காசு உள்ளுக்கு வருது, வெளியில எடுக்க ஏலாமக் கிடக்கு,” என்றார். உதவி இலக்கத்துக்கு எடுத்தாராம், பரிசீலனையில் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்களாம். நாலு மணிக்கு உடலை எடுக்க வேண்டும், சவப்பெட்டிக் கடைக்கும் வாகனத்துக்கும் சொல்லியாயிற்று என்றார். “நீங்கள் அங்கதானே வேலை. என்னெண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோவன்.”

ஒரு கணக்கு சந்தேகத்தின் பேரில் பார்க்கப்படுகிறது என்பதை அந்தக் கணக்குக்காரருக்குத் தெரியப்படுத்துவது குற்றம். மோசடிக்காரர்கள் உஷாராகிவிடக்கூடாது என்பதற்காக வைத்த சட்டம். வருடத்துக்கு ஒருமுறை அதற்குப் பயிற்சி எடுத்துக் கையெழுத்தும் போடுகிறோம். நான் அவருடைய சேட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, உதவி இலக்கத்துக்கே திரும்ப எடுக்கும்படி சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

அலுவலகத்துக்குப் போகும் வழியில் செத்த வீட்டைக் கடக்க வேண்டியிருந்தது. பாதி கட்டிய பந்தலுக்குள் இறந்தவரின் மைத்துனர் நாலைந்து பேரோடு நின்றார். எனக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னார். “காசு போனுக்குள்ள நிக்குதாம். போனுக்குள்ள நிக்குதோ, வேற எங்கயும் நிக்குதோ, ஆருக்குத் தெரியும்?” ஒருவர் சிரித்தார். ஒன்பது வருடம் சங்கத்தின் ஒரு ரூபாயும் பிசகாமல் பார்த்த மனிதர், அந்தப் பந்தலில் அரை நாளுக்குள் கள்ளனாகப்போகிறார் என்பது எனக்கு விளங்கிவிட்டது. அவரைப் பூட்டிய பூட்டு என்னுடையது.

எட்டரைக்குக் கொழும்பு மேலதிகாரியைக் காணொளியில் அழைத்தேன். அதிகம் பேசாத பெண்மணி. இரண்டு விஷயங்களைச் சொன்னேன். நேற்றுப் பார்த்த எச்சரிக்கையில் என் பணமும் இருக்கிறது, கணக்குக்காரரை எனக்குத் தெரியும், அதை நேற்றே சொல்லாதது பிழை. மற்றது, அந்தக் கணக்கை மறித்திருப்பது அதில் சந்தேகம் இருப்பதால் அல்ல, என் பட்டியலில் அதற்கு இடம் இல்லாததால்.

அவர் எதையோ எழுதினார். “முதலாவதுக்காக உங்களை இதில இருந்து விலக்குறேன். இரண்டாவதை எழுத்தில தாங்க. இப்ப பரிசோதகரை வரச் சொல்லிட்டு நீங்க அறையை விட்டு வெளியே போங்க.”

போனேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பரிசோதகர் மட்டும் அவரோடு பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது, கேட்கவில்லை. ஒரு வாடிக்கையாளரிடம் பணம் எதற்காக வருகிறது என்று வழக்கமான கேள்வி கேட்கலாம், சான்று கேட்கலாம். அதற்குத் தடை இல்லை. அதைத்தான் செய்வார்கள் என்று ஊகித்தேன். ஆனால் எப்போது? மேலதிகாரியின் முன்னால் எத்தனை எச்சரிக்கைகள் நிற்கின்றன என்று எனக்குத் தெரியும், அந்த வரிசையையும் நான்தான் வடிவமைத்தேன். மாடி விறாந்தையில் நின்றேன். கீழே மாவுக் கப்பல் ஒன்றை இழுவைப் படகு திருப்பிக்கொண்டிருந்தது. பத்து மணி, பதினொன்று, ஒன்று. பரிசோதகர் ஒருமுறை வெளியே வந்து தண்ணீர் குடித்தார். என்னைப் பார்க்காமல் உள்ளே போனார். சரியாக நடந்துகொண்டார்.

ஒன்றரைக்கு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் செத்த வீட்டுக்குப் போனேன். பொருளாளர் பந்தலின் ஓரத்தில் தனியே இருந்தார். பக்கத்துக் கதிரைகள் காலி. மைத்துனர் தன் பணத்தில் வாகனத்துக்கு முற்பணம் கொடுத்ததை வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சவப்பெட்டிக் கடைக்காரர் மட்டும் பொருளாளரின் முகத்துக்காகப் பெட்டியை அனுப்பியிருந்தாராம். இரண்டு மணி கழிய ஒரு அழைப்பு வந்தது. அவர் எழும்பி நின்றே பதில் சொன்னார். “ஓம். சங்கத்துக் காசு. ஓம், பற்றுச்சீட்டுப் புத்தகம் கிடக்கு. கிராம அலுவலர், எங்கட விதானையாற்ற கடிதமும் கிடக்கு.” வீட்டுக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து அதே கதிரையில் இருந்தார்.

மூன்றே காலுக்குக் கணக்கு திறந்தது. அவர் பணத்தை எடுத்துக்கொண்டு வந்து, முதலில் மைத்துனரிடம் போய், எல்லோரும் பார்க்க முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். நாலு மணிக்கு உடலை எடுத்தார்கள்.

என் பிழையை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். வெள்ளைப் பெட்டி திரையின் மேற்பகுதிக்குத் திரும்பி வந்தது. ஒரு கணக்கைத் திறந்ததும் அதைப் பற்றி முன்பு எழுதியவை முதலில் தெரியும். ‘மற்றவை’க்குப் பூட்டு இல்லை. அந்த மாற்றங்களை என்னோடு இருந்து செய்தவர் கிண்ணியாப் பரிசோதகர். சங்கத்துக்குத் தனிக் கணக்கு எடுப்பது எப்படி என்று ஒரு தாளும் தயாரித்தோம், எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவாக.

பொருளாளர் அதற்குக் காத்திருக்கவில்லை. அடுத்த மரணத்தின்போது புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார். என் படலையிலும் நின்றார். பணத்தை வாங்கி, பற்றுச்சீட்டை எழுதிக் கிழித்துக் கொடுத்தார். பிறகு பேனையை மூடிக்கொண்டே கேட்டார்.

“அண்டைக்குக் காலமை நான் வந்து கேட்கேக்க, உங்களுக்கு விஷயம் தெரியுமோ, பிள்ளை?”

“அதைச் சொல்ல ஏலாது, அண்ணை.”

அவர் தலையை ஆட்டினார். கோபம் மாதிரித் தெரியவில்லை.

“தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லியிருப்பீங்கள்,” என்றார். புத்தகத்தை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.