ஏழாம் நம்பர் பொட்டலத்தில் தங்கம்

பாறையில் தங்கம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை என்றால் ஊரே வாயைப் பிளக்கிறது. கல் பொடியையும் திட்டையும் சேர்த்து விழுங்கும் சக ஆய்வுக்கூடத்துக்காரர்களே, உங்களிடமாவது என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறேன்.

வெறும் விரல்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஆய்வுக்கூடம். ஒரு டன் கல்லில் ஒரு கிராம் தங்கம் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவோம். அதனாலேயே உள்ளே யாரும் தங்கம் போடக் கூடாது. மோதிரம் லேசாக உரசினாலும் முடிவு தப்பாகிவிடும். கல்யாணத்தன்று சர்ச்சில் வைத்து என் வீட்டுக்காரர் போட்டுவிட்ட மோதிரத்தை தினமும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் பட்டாபிராமில் ரயில் ஏறுகிறேன். கூடவே வரும் பூக்காரம்மா ஒருநாள் என் விரலைப் பார்த்துவிட்டு, பெட்டி முழுக்கக் கேட்கும்படி கேட்டார்: "இன்னாம்மா, மோதரத்த அடகு வச்சிட்டானா உன் ஊட்டுக்காரன்?"

கையை விட்டவர்

ஒரு குவாரிக்காரர் கற்கள் கொண்டுவந்தார். அரைத்து, நம்பர் போட்டு, பொட்டலம் கட்டினேன். நடுவில் ஏழாம் நம்பராக, எங்கள் வேலை சுத்தமா என்று சரிபார்க்க, எங்கள் கல் ஒன்று. தங்கமே இல்லாத சாதாரண ஜல்லி. அதில் தங்கம் காட்டினால் தப்பு எங்கள் மேல்.

மேனேஜர் குவாரிக்காரரைக் கூட்டிவந்து, பொடி எவ்வளவு நைஸ் என்று காட்ட, அந்த ஏழாம் நம்பரையே பிரித்து, தங்க மோதிரம் போட்ட விரல்களால் பிசைந்தார். "சார், மோதிரம்..." என்று பதறினேன். வேறு பொடி எடுத்து வைக்கிறேன் என்றும் கெஞ்சினேன். "அது ராசி மோதிரம்மா, கழட்டினா ஆகாது. இதையே உலைக்கு அனுப்பு."

மெமோ

குவாரிக் கல் எதிலும் ஒன்றுமில்லை. ஏழில் மட்டும் தங்கம்! மேனேஜர் என்னிடம் ஒரு மெமோவை நீட்டினார். நான் மோதிரத்தோடு வேலை செய்தேன் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் வேலை போகும். போடாவிட்டாலும் விடமாட்டார்.

அரைத்ததும் பாதிப் பொடியைத் தனியாக சீல் வைப்பது வழக்கம். ஏழாம் நம்பரின் அந்தப் பாதியை உலை பார்க்கும் டில்லி அண்ணனிடம் கொடுத்தேன். உருக்கிப் பார்த்ததில் துளித் தங்கம் இல்லை. நான் அரைத்தபோது வராத தங்கம் பிறகு மேசையில்தானே வந்திருக்க வேண்டும்? இரண்டு ரிசல்ட்டையும் மேனேஜர் முன்னால் போட்டார் அண்ணன். "இந்தம்மா கை வெறுங்கை சார். ஏழாம் நம்பரப் பெசஞ்சுகினு இருந்தது யாருன்னு நான் பாத்துகினுதான் இருந்தேன்."

நோட்டீஸ்

மேனேஜர் மன்னிப்பு கேட்பார் என்று காத்து நின்றேன். மெமோவைக் கிழித்துக் கூடையில் போட்டார், அவ்வளவுதான். மறுநாள் காலை வாசலில் அவரே ஒரு தாளை ஒட்டிக்கொண்டிருந்தார்: பெண் ஊழியர்கள் கண்டிப்பாக நகை அணியக் கூடாது. பசை பூசிய அந்த விரலில் அதே மோதிரம். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "கோவிச்சுக்காதம்மா, ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

ஒரு டன் கல்லில் ஒரு கிராமைக் கண்டுபிடிக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில், மேனேஜர் விரலில் கிடக்கும் அரைப் பவுன் மட்டும் இன்றுவரை யார் கண்ணிலும் படவில்லை.