ஊதிப் பார்த்த மூச்சு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில், வெள்ளைக்காரர் ஊரான கிளேட்டனில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். என் மனைவியின் நுரையீரல் மெல்ல இறுகிக்கொண்டு வருகிறது, அதற்கு மருந்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். முடிந்தவரை உடம்பை அசைக்கட்டும் என்று கடைசியில் ஒரு சொல் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஓடினால் மூச்சுப் பெருகும், பெருகினால் நோய் பின்வாங்கும் என்று நானே முடிவு கட்டினேன்.

காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடினோம். என் பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, தமிழாக்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூச்சப்பட்டபடி ஓடினாள். முதலில் நாலு எட்டுக்கே நின்றவள், குளிர்காலம் முடிவதற்குள் ஒரு முழுச் சுற்று ஓடினாள்.

"இஞ்சாருங்கோ, முந்தி மாதிரி மூச்சு இளைக்கேல்லை."

எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம்.

ஆஸ்பத்திரியில் குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளந்தார்கள். ஓடத் தொடங்குமுன் அளந்ததைவிடக் குறைவு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அது கந்தசஷ்டி நேரம். பாலும் பழமும் தவிர அவள் எதையும் தொடவில்லை. விரதக்காரியை ஊதச் சொன்னால் காற்று எங்கிருந்து வரும் என்று டாக்டரோடு சண்டை பிடித்தேன். விரதம் என்றால் என்னவென்று அந்த வெள்ளைக்காரருக்கு விளங்கப்படுத்தவே பாதி நேரம் போயிற்று. பாவம் மனுஷன், இன்னொரு நாள் வரச் சொன்னார்.

விரதம் முடிக்கும் பாறணை ஆனபின் முட்டையும் இறைச்சியும் கொடுத்து அவளைத் தேற்றினேன். மறுபடி போனோம். கண்ணில் நீர் வரும்வரை ஊதினாள். அளவுக் கருவியின் முள் கீறிய கோடு, விரத நாளில் நின்ற அதே இடத்தில் நின்றுவிட்டது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஓட்டத்தில் பழகுவது காலும் இதயமும்தான். கிடைக்கிற கொஞ்சக் காற்றை வைத்துக்கொண்டு கூடுதலாக வேலை செய்ய அவை கற்றுக்கொள்ளும். அதனால்தான் இளைப்புக் குறைந்தது. நுரையீரல் தன்பாட்டுக்கு இறுகிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் ஓட்டத்தை விட வேண்டாம் என்றார்.

காரில் ஏறியதும் அவள் கேட்டாள். "அப்ப எனக்குச் சுகம் வரேல்லையோ?"

"நீர் நல்லா ஓடுறீர்" என்றேன்.

அடுத்த நாள் காலை நான் அவளை எழுப்பவில்லை. அவளே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"சும்மா கிடந்து என்ன செய்யிறது? வாங்கோ."

ஒரு முழுச் சுற்று ஓடி முடித்தாள். இளைக்கவேயில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.